மேலடுக்கில் பக்கக்கோடு மறைவது ஏன்?

வணக்கம். உலகக் கோப்பைக் கால்பந்து அளவிலான அரங்கத்தின் மாதிரி வரைபடத்தில், மேலடுக்கின் எல்லா இருக்கைப் படிகளையும் 40 செ.மீ. உயரத்திலேயே அமைத்ததாகவும், பின்வரிசையினரின் பார்வையிலிருந்து, ஆடுகளத்தில் அவர்கள் பக்கமாக உள்ள பக்கக்கோடு (நீளவாக்கு எல்லைக்கோடு) மறைவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அந்த ஒரே சீரான உயரத்தில்தான் இருக்கிறது. பின்னாலிருப்பவரின் பார்வைக்கோடு முன்னவரின் கண்ணுக்கு மேலே எவ்வளவு இடைவெளியில் கடக்கிறது என்பதைத்தான் சி-மதிப்பு என்கிறோம். அது 90 மி.மீ. இருந்தால் நல்லது, 60க்குக் கீழே போகவே கூடாது.

முன்னவரின் கண் பக்கக்கோட்டிலிருந்து 20 மீட்டர் தொலைவிலும் 8 மீட்டர் உயரத்திலும், படியின் அகலம் 80 செ.மீ. ஆகவும் இருப்பதாகக் கொள்ளுங்கள். 40 செ.மீ. படியில் கிடைப்பது ஏறத்தாழ 77 மி.மீ. மட்டுமே, அதையே 42 ஆக்கினால் 96 கிடைக்கும். மேலே போகப் போக இந்த மதிப்பு குறைந்துகொண்டே வருவதால், படிகளும் சிறிது சிறிதாக உயர்ந்து, குறுக்குவெட்டில் கிண்ணம் போன்ற வளைவு உருவாக வேண்டும். சாய்வு 34 பாகையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்; அதற்கு மேல் போனால், ஏறி இறங்குபவர்களுக்குத் தலைசுற்றும்.

ஆடுகளத்தைச் சுற்றி ஓடுபாதையைச் சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். சேர்த்தால் தொலைவு கூடுவதால் இந்தக் கணக்கு எளிதாகும், ஆனால் ரசிகர்களின் இருக்கைகள் ஆட்டத்திலிருந்து தள்ளிப்போய்விடும். என்னைக் கேட்டால் வேண்டாம். 2006 உலகக் கோப்பை இறுதிப்போட்டி நடந்த, ஓடுபாதையுள்ள பெர்லின் ஒலிம்பிக் அரங்கில், புதுப்பிப்பின்போது ஆடுகளத்தையே 2.65 மீட்டர் தாழ்த்தி, கீழடுக்கை அதற்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். உங்கள் வரைபடத்தில் ஒவ்வொரு வரிசைக்கும் சி-மதிப்பைத் தனித்தனியே கணக்கிட்டு எழுதிவிட்டு, முதலில் 90க்குக் கீழே இறங்கும் வரிசையிலிருந்து படிகளைத் திருத்தத் தொடங்குங்கள்.