மழைக்காலமும் முட்டையும்: கோழிக் கேள்விகளுக்குப் பதில்

தலவாக்கலைப் பக்கம் 20 வருடமாகக் கோழி வளர்க்கிறேன். வெயில், மழை, வெளிச்சம் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கேட்டவரின் ஊர் முன்னால் இருக்கிறது. நோய்க்கு மருந்து கேட்காதீர்கள், அதை அரச கால்நடை வைத்தியரிடம்தான் கேட்க வேண்டும்.

ஹட்டன்: அண்ணே, ஜூன் பிறந்ததிலிருந்து 8 பெட்டைகளுக்கு நாளைக்கு 2 முட்டைதான். பகல் குறைந்ததால்தான் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள்.

இல்லை அக்கா. அது குளிர்நாட்டுக் கதை. அங்கே டிசம்பரில் பகல் 8 மணித்தியாலமாகச் சுருங்கும். நாம் பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கேதான் இருக்கிறோம். நமக்கு ஜூனில் பகல் 12½ மணித்தியாலம், டிசம்பரில் அதைவிட ஒரு 50 நிமிடம் குறைவு, அவ்வளவுதான். அதிலும் உங்களுக்கு முட்டை குறைந்த ஜூன்தான் வருடத்திலேயே நீளமான பகல் உள்ள மாதம்!

ஆனால் வெளிச்சத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. கோழி கண்ணால் மட்டும் வெளிச்சத்தை உணர்வதில்லை, மண்டையோட்டை ஊடுருவிப் போகும் வெளிச்சத்தை மூளையே உணர்கிறது. அதுதான் முட்டைக்கான சுரப்பிகளைத் தூண்டுகிறது. நன்றாக இட 14 மணித்தியாலம் வேண்டும். நமக்குக் கிடைப்பதே 12. மழை என்று காலை 8 மணிக்குத் திறந்து 4 மணிக்கு அடைத்தால், கூட்டுக்குள்ளும் இருட்டாக இருந்தால், உங்கள் கோழிக்குப் பகல் 8 மணித்தியாலம்தான். காலை 7 மணிக்குக் கூட்டுக்குள் பேப்பர் வாசிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

அப்புறம் தீன். ஒரு முட்டைக்கோழி நாளைக்குச் சாதாரணமாக 110, 120 கிராம் தின்னும். குளிரில் உடம்புச் சூட்டுக்கே கொஞ்சம் போய்விடும், மழையில் வெளியே மேயவும் போகாது. மழை மாதங்களில் கூட்டிப் போடுங்கள்.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: பொலித்தீன் கட்டி நாலு பக்கமும் அடைக்காதீர்கள். தரையில் போட்ட மரத்தூள் ஈரமானால் எச்சத்திலிருந்து கிளம்பும் கார நெடி கோழியின் நெஞ்சைக் கெடுக்கும்.

வெலிமடை: எங்களுக்கு ஜூலையில் நிறைய முட்டை, டிசம்பரில்தான் குறைகிறது. ஆகவே பகல் நீளம்தான் காரணம்.

மஸ்கெலியா: வெலிமடை அண்ணன் சொல்வது பிழை. இங்கே டிசம்பரில்தான் நல்லா இடுது.

வெலிமடை: மூன்று வருடமாகக் கொப்பியில் எழுதி வருகிறேன் தம்பி. பிழை என்று எப்படிச் சொல்வீர்கள்?

இரண்டு பேரும் கண்டதைத்தான் சொல்கிறீர்கள். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று மேற்குச் சரிவில் கொட்டும். ஹட்டன், மஸ்கெலியா நனையும்போது வெலிமடையில் காய்ந்த கச்சான் காற்று அடிக்கும். டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று வெலிமடை இருக்கும் ஊவாப் பக்கம் மழை கொண்டுவரும். பகல் நீளம் மட்டும் காரணமென்றால் இரண்டு இடத்திலும் ஒரே மாதத்தில் குறைய வேண்டாமா? வெலிமடை அண்ணே, கோழிக்கு என்ன வயது? கூட்டில் இறகு கிடக்கிறதா?

வெலிமடை: இரண்டு வயது. இறகு நிறையக் கிடக்கிறது.

சரி, உங்களுக்கு மழையோடு இறகு உதிர்ப்பும் சேர்ந்திருக்கிறது. இறகு பெரும்பாலும் புரதம். புது இறகு முளைக்க இரண்டு, மூன்று மாதம் ஆகும், அதுவரை முட்டை நிற்கும். பகல் குறைவதும் இதைத் தூண்டும், அந்த அளவுக்கு நீங்கள் சொன்னதில் உண்மை உண்டு. கருவாட்டுத் தூள் கொஞ்சம் சேருங்கள். கொப்பியை நிறுத்தாதீர்கள், அப்படி எழுதி வைப்பவர்கள் குறைவு.

நுவரெலியா: ஜனவரிப் பனிக்குக் கூட்டில் கரிச்சட்டி வைக்கலாமா?

வேண்டவே வேண்டாம்! அடைத்த கூட்டில் கரிப்புகை கோழியைக் கொன்றுவிடும். இறகு நிறைந்த கோழி அந்தக் குளிரைத் தாங்கும். தரை காய்ந்திருக்கட்டும், அடையும் கம்பில் காற்று நேராக அடிக்காமல் இருக்கட்டும். பொலித்தீனால் மூடவும் வேண்டாம்.

பண்டாரவளை: வெளிச்சம் கூட்டக் கூட்டில் மின்குமிழ் எப்போது போடுவது?

விடியற்காலை 4 மணியிலிருந்து விடியும் வரை. சின்ன எல்ஈடி போதும். இரவில் போட்டுத் திடீரென அணைத்தால் கோழி கம்பு ஏற முடியாமல் தரையில் தங்கிவிடும். மொத்தம் 16 மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டாம், அதற்கும் தூக்கம் வேண்டும். 18 வாரம் ஆகாத குஞ்சுக்கு இது கூடவே கூடாது. உடம்பு வளருமுன் முட்டைக்கு வந்தால் முட்டைக்குழாய் பின்பக்கமாக வெளியே தள்ளிவிடும்.

ராகலை: பகல் குறைந்ததால் முட்டை குறையுமா?

ஹட்டன் அக்காவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

பதுளை: முட்டை இல்லை. பகல் குறைவா?

மேலே இருக்கிறது. தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

கண்டி: மார்ச் வெயிலில் ஓடு மெலிகிறது.

வெக்கையில் கோழி வாய் திறந்து மூச்சிரைக்கும். அப்போது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து ஓடு சரியாகக் கட்டாது. நிழலும் குளிர்ந்த தண்ணீரும் கொடுங்கள். ஓடு இரவில்தான் உருவாகும், ஆகவே சிப்பித்தூளைப் பின்னேரம் வையுங்கள்.

லிந்துலை: மூக்கில் நீர், கொறட்டைச் சத்தம்.

இன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். மற்றக் கோழிகளைப் பிரித்து வையுங்கள்.

ஹட்டன்: அண்ணே, பேப்பரில் தலைப்பு மட்டும்தான் தெரிந்தது.

அப்படியென்றால் கிழக்குப் பக்கப் பலகையைக் கழற்றிக் கம்பிவலை அடியுங்கள் அக்கா. தென்மேல் காற்று எதிர்ப்பக்கத்திலிருந்து வருவதால் அங்கே சாரல் குறைவு, காலை வெளிச்சமும் நேராக விழும். சின்னக் கண் வலையாகப் பார்த்து வாங்குங்கள், கீரி நுழையும்.