பென்டிரைவுக்குள் இலைக் கணக்கு இருக்கிறதா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு சிறிய தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறேன். எங்களுக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுமார் 600 சிறு விவசாயிகளிடம் பசுந்தேயிலை வாங்குகிறோம். ஆபீசில் ஒரு சர்வர், அதோடு நான்கு கம்ப்யூட்டர். பொதுக் கணக்குக்கு டேலி. இலை எடை, இலைப் பணம் போடுவதற்குத் தனி மென்பொருள். அது எஸ்க்யூஎல் சர்வர் எக்ஸ்பிரஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் ஓடுகிறது. எல்லாம் சேர்த்து 6 ஜிபிதான். தினமும் சாயங்காலம் இரண்டு ஃபோல்டரையும் பென்டிரைவில் காப்பி செய்து மேசை டிராயரில் வைக்கிறேன். இது போதுமா? ரெய்டு போட்ட, அதாவது ஒரே தரவை இரண்டு டிஸ்க்கில் எழுதும், புது சர்வர் வாங்கச் சொல்கிறார்கள். முதலாளி யோசிக்கிறார்.

பதில்: போதாது. பென்டிரைவ் நல்லதா கெட்டதா என்பது அப்புறம். அதற்குள் இலைக் கணக்கு உண்மையிலேயே இருக்கிறதா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

எஸ்க்யூஎல் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போது தன் தரவுக் கோப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். எம்டிஎஃப், எல்டிஎஃப் என்று முடியும் கோப்புகள் அவை. சாதாரணமாக இழுத்துப் போட்டு காப்பி செய்தால் ‘கோப்பு பயன்பாட்டில் உள்ளது’ என்று விண்டோஸ் மறுக்கும். அவசரத்தில் ‘ஸ்கிப்’ அழுத்துவோம். மற்றதெல்லாம் காப்பியாகிவிடும், வேண்டியது மட்டும் விட்டுப்போகும். இன்னொரு வாய்ப்பும் உண்டு: நீங்கள் எடுப்பது மென்பொருளின் ஃபோல்டராக இருக்கலாம், தரவு வேறெங்கோ எஸ்க்யூஎல் சர்வரின் ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கலாம். நாளைக்குக் காலையில் பென்டிரைவைத் திறந்து அந்த எம்டிஎஃப் கோப்பு இருக்கிறதா, இருந்தால் எத்தனை எம்பி, எந்தத் தேதி என்று பாருங்கள். குன்னூரில் ஒரு கடையில் இரண்டு வருடமாகத் தவறாமல் பேக்கப் எடுத்திருந்தார்கள். சர்வர் போன அன்று என்னைக் கூப்பிட்டார்கள். பென்டிரைவில் இருந்தது 2 கேபி கோப்பு ஒன்று. டெஸ்க்டாப்பில் இருந்த ஷார்ட்கட்டைத் தினமும் பக்தியாகக் காப்பி செய்திருக்கிறார்கள்.

எல்லோரும் டேலிக்குத்தான் பயப்படுகிறார்கள். உங்கள் விஷயத்தில் நான் இலைக் கணக்குக்குத்தான் பயப்படுவேன். டேலி போனால் வங்கி ஸ்டேட்மென்ட், ஜிஎஸ்டி தளத்தில் ஏற்றிய பில்கள், ஆடிட்டரிடம் உள்ள பிரதி ஆகியவற்றை வைத்து மெனக்கெட்டாவது திரும்ப எழுதிவிடலாம். 600 பேரின் தினசரி எடை, நனைந்த இலைக்குக் கழித்த கிலோ, உரத்துக்கும் முன்பணத்துக்கும் பிடித்த தொகை, இவையெல்லாம் வேறெங்கே இருக்கின்றன? விவசாயிகள் கையில் இருக்கும் துண்டுச்சீட்டில். அதில் பாதி மழையில் நனைந்திருக்கும்.

ஆகவே முதல் வேலை, இலை மென்பொருள் போட்டுக் கொடுத்தவரைக் கூப்பிடுவது. எஸ்க்யூஎல் சர்வருக்கென்றே பேக்கப் கட்டளை உண்டு. அது மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தாலும் முழுமையான ஒற்றைக் கோப்பாக எடுத்துக் கொடுக்கும். எக்ஸ்பிரஸ் இலவசப் பதிப்பு. நேரம் குறித்து வேலையை ஓட்டும் ‘ஏஜென்ட்’ அதில் வராது. அதனால் விண்டோஸின் டாஸ்க் ஷெட்யூலரில் அந்தக் கட்டளையைப் போட்டு வைக்க வேண்டும். கோப்பின் பெயரில் அன்றைய தேதி வரட்டும். இல்லையென்றால் நேற்றையது மேல் இன்றையது ஏறி உட்கார்ந்துவிடும். நேரம் இரண்டு வையுங்கள்: மதியம் 2 மணிக்கு ஒன்று, கடைசி இலை வண்டி எடை போட்டு முடிந்தபின் ஒன்று. மலையில் கரண்ட் போகாத நாள் ஏது? ‘குறித்த நேரம் தவறினால் முடிந்தவரை சீக்கிரம் ஓட்டு’ என்று ஷெட்யூலரில் ஒரு தேர்வு இருக்கிறது, அதை டிக் செய்யச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் சர்வர் அணைந்திருந்த அன்றைக்கு பேக்கப்பே இருக்காது, யாருக்கும் தெரியவும் தெரியாது.

டேலி எளிது. எல்லோரும் வெளியே வந்தபின் அதிலேயே இருக்கும் பேக்கப்பை எடுங்கள். திரும்ப ஏற்றிப் பார்க்கும்போது மட்டும் கவனம்: ஓடிக்கொண்டிருக்கும் கம்பெனியின் ஃபோல்டரிலேயே ஏற்றினால் நேற்றைய கணக்கு இன்றைய கணக்கை அழித்துவிடும். சோதிப்பதற்குத் தனி ஃபோல்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை நாள் பிரதியை வைத்திருப்பது? ஏழு நாள் போதும் என்று பலர் சொல்வார்கள். உங்களுக்குப் போதாது. மூன்றாம் தேதி யாரோ கைதவறி ஒரு விவசாயியின் பதிவை அழித்துவிட்டார் என்று வையுங்கள். அது எப்போது தெரியவரும்? அடுத்த மாதம் இலைப் பணம் வாங்க அவர் வந்து நிற்கும்போது. அதற்குள் உங்கள் ஏழு பிரதிகளும் அந்தப் பிழையோடுதான் இருக்கும். அதனால் தினசரிப் பிரதி குறைந்தது 60 நாளுக்கு, மாதக் கடைசிப் பிரதி தனியாக, மார்ச் 31 பிரதி அழிக்கவே கூடாது. சட்டமும் இதைத்தான் கேட்கிறது. ஜிஎஸ்டி கணக்குகளை ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். நீங்கள் பிரைவேட் லிமிடெட் என்றால் 8 நிதியாண்டு. அதோடு, கணக்குப் புத்தகங்களின் பேக்கப்பை இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் வைக்க வேண்டும் என்று 2022-ல் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். பார்ட்னர்ஷிப்புக்கு இந்த விதி பொருந்தாது, ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம், எங்கே வைப்பது. பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு உலகம் முழுக்கப் புழக்கத்தில் இருக்கிறது: மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறிடத்தில். இந்த ‘வேறிடம்’ என்பதை நம் ஊரில் யோசித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தொழிற்சாலையிலிருந்து முதலாளி வீடு நாலு வளைவு மேலே என்றால் அது வேறிடம் ஆகாது. இரண்டும் ஒரே சரிவு. 2009 நவம்பரில் நம் நீலகிரியின் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது நினைவிருக்கும். மாவட்டம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்தது, 40 பேருக்கு மேல் இறந்தார்கள், சாலைகள் துண்டாயின. வேறிடம் என்றால் மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர்.

எக்ஸ்டெர்னல் ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள். ஒன்று ஆபீசில், ஒன்று கீழே. மாதம் ஒருமுறை ஆடிட்டரைப் பார்க்கப் போகிறவர் கையில் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். ஆபீசில் இருப்பதை எந்நேரமும் சர்வரில் செருகி வைக்காதீர்கள். இதைத்தான் எல்லா இடத்திலும் தப்பாகச் செய்கிறார்கள். இடி இறங்கினால் சர்வரோடு சேர்த்து அதுவும் போகும். பாறை நிலத்தில் எர்த் சரியாக அமைவதில்லை என்பது உங்கள் எலக்ட்ரீஷியனுக்கே தெரியும். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேரும் செருகியிருக்கும் டிஸ்க்கை விடாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற ரேன்சம்வேர் வந்தபோது ஒரு கம்ப்யூட்டரில் நுழைந்தது, யாரும் எதையும் அழுத்தாமலே நெட்வொர்க் வழியாக அடுத்ததற்குப் போனது. எடுத்து முடித்ததும் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு மூடுங்கள். கண்ணாடி அலமாரியிலேயே பூஞ்சை பிடிக்கும் ஊர் இது. குளிரில் ஜீப்பில் வந்த டிஸ்க்கை ட்ரையர் சூடு அடிக்கும் அறையில் உடனே செருகவும் வேண்டாம், உள்ளே நீர் கோத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது டப்பாவைத் திறக்காமல் வைத்துவிட்டு அப்புறம் எடுங்கள்.

பென்டிரைவைத் தூக்கிப் போட வேண்டியதில்லை, அன்றாடக் கைமாற்றுக்கு அது சரி. பல மாதம் மின்சாரம் இல்லாமல் அலமாரியில் கிடக்கும் பிரதிக்கு அதை நம்பாதீர்கள். எஃப்ஏடி32 முறையில் இருக்கும் பென்டிரைவ் 4 ஜிபிக்கு மேல் ஒரே கோப்பை ஏற்காது. இலைக் கணக்கு வளர்ந்ததும் ஒருநாள் திடீரென்று அங்கே முட்டி நிற்கும்.

மூன்றாவது பிரதிக்கு கிளவுட். அப்லோட் வேகம் 10 எம்பிபிஎஸ் கிடைத்தால் மணிக்கு 4.5 ஜிபி வரை போகும். உங்கள் 6 ஜிபிக்கு முதல்முறை ஒன்றரை மணி நேரம் போல ஆகும், அப்புறம் மாறியது மட்டும் போகிற மாதிரி அமைத்துவிட்டால் சில நிமிடம். ஒன்று மட்டும்: கூகுள் டிரைவ் மாதிரி ஃபோல்டரை ஒத்திசைக்கும் சேவையை பேக்கப் என்று நினைக்க வேண்டாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். இங்கே ரேன்சம்வேர் பூட்டினால் பூட்டிய கோப்பு அங்கேயும் போகும். பழைய பிரதிகளைக் குறிப்பிட்ட நாள்வரை யாரும் அழிக்க முடியாதபடி பூட்டி வைக்கும் வசதி உள்ள சேமிப்பாக, சர்வர் மும்பையிலோ ஹைதராபாத்திலோ இருப்பதாகப் பாருங்கள்.

கீழே போகும் டிஸ்க்கை விண்டோஸின் பூட்டு வசதியான பிட்லாக்கரில் பூட்டுங்கள், உள்ளே 600 பேரின் வங்கிக் கணக்கு எண் இருக்கிறது. மீட்புச் சாவியைத் தாளில் எழுதி முதலாளி வீட்டு பீரோவில் வையுங்கள். அந்தச் சாவியை சர்வரிலேயே சேமித்துவைத்த புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன். அதே தாளில் டேலி லைசென்ஸ் விவரமும் இலை மென்பொருள்காரரின் போன் நம்பரும் இருக்கட்டும்.

இவ்வளவும் செய்தபின் ஒரு நாள் ஒத்திகை. இலைப் பணம் கொடுத்து முடித்த வாரம் நல்ல நேரம், ஆபீஸ் கொஞ்சம் மூச்சு விடும். பழைய லேப்டாப் ஒன்றில் எஸ்க்யூஎல் எக்ஸ்பிரஸை நிறுவி, டப்பாவில் இருக்கும் டிஸ்க்கிலிருந்து சென்ற மாதப் பிரதியை ஏற்றுங்கள். பத்து விவசாயிகளின் எடையைச் சீட்டோடு ஒப்பிடுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று குறித்துக்கொள்ளுங்கள். சர்வர் நிஜமாகப் போகும் நாளில் முதலாளி கேட்கும் முதல் கேள்வி அதுதான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போதும். ஒருமுறை நீங்கள் செய்தால் அடுத்தமுறை உங்கள் பக்கத்து மேசைக்காரர் செய்யட்டும், நீங்கள் லீவில் இருக்கும்போதுதான் சர்வர் போகும்.

சரி, ரெய்டு. ஒரு டிஸ்க் செத்தால் இன்னொன்றில் வேலை நிற்காமல் ஓடும், அவ்வளவுதான் அதன் உபயோகம். கைதவறி அழித்தது, ரேன்சம்வேர், இடி, மண்சரிவு எதிலும் அது காப்பாற்றாது. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நேரத்தில் ஒரே கேடு நடக்கும். கெட்ட பொருள் இல்லை, அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். இப்போது கையில் இருக்கும் பணத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க், சர்வரை ஒழுங்காக அணைக்கும் அளவுக்குத் தாங்கும் ஒரு யுபிஎஸ். பெரிய மோட்டார்கள் ஓடும் அதே லைனில் சர்வரையும் வைத்திருந்தால் அதையும் பிரித்துவிடச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை சர்வரின் மூடியைக் கழற்றித் தேயிலைத் தூசியை ஊதிவிட ஒரு ஆள்.