சுடுநீர் ஊற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது?

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்காய் பக்கம் செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். பள்ளி விடுமுறையில் பிள்ளைகளை சுங்கை கிளா சுடுநீர் ஊற்றுக்குக் கூட்டிப் போனோம். முட்டையே அவிந்துவிடுகிறது. “அடியில எரிமலை இருக்கு, என்னைக்காவது வெடிக்கும்” என்று மாமியார் சொன்னதிலிருந்து மகள் இரவில் பயப்படுகிறாள். சுமத்ராவில் அத்தனை எரிமலைகள் இருக்கும்போது இங்கே ஏன் இல்லை?

எஸ்.கே., சுங்காய்

அன்புள்ள எஸ்.கே.,

மகளிடம் தைரியமாகச் சொல்லுங்கள், அங்கே எரிமலை இல்லை.

பூமியை எங்கே தோண்டினாலும் நெருப்புக் குழம்பு இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் சுமார் 2,900 கிலோமீட்டர் ஆழம்வரை பெரும்பாலும் திடமான பாறைதான். கடும் சூடு இருந்தாலும், மேலிருக்கும் அழுத்தம் அதை உருக விடாது. உருகுவதற்கு ஒரு காரணம் வேண்டும்.

சுமத்ராவில் அந்தக் காரணம் தண்ணீர். எனக்கு இன்றும் வியப்பு தரும் விஷயம் இது. தீவுக்கு மேற்கே கடலடிப் பாறைத் தட்டு ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் அதன் அடியில் செருகிக்கொண்டே போகிறது. சுமார் 100 கிலோமீட்டர் ஆழத்தில், தட்டின் கனிமங்களில் பிணைந்திருந்த நீர் வெளியேறி மேலே உள்ள சூடான பாறையில் கலக்கிறது. உப்புத் தூவிய ஐஸ் கட்டி சீக்கிரம் கரைவதைப் போல, நீர் சேர்ந்த பாறை குறைந்த சூட்டிலேயே உருகிவிடும். உருகியது இலேசாகி மேலே ஏறும். ஏற ஏற அழுத்தம் குறைந்து, கரைந்திருந்த வாயுக்கள் குமிழிகளாக விரியும். அந்த வேகத்தில்தான் மலை வெடிக்கிறது. பல நூற்றாண்டுகள் அடங்கிக் கிடந்து 2010-இல் வெடித்த சினாபோங் எரிமலை, சுமத்ராவின் இந்த எரிமலை வரிசையில்தான் இருக்கிறது. நாம் அந்த வரிசையிலிருந்து நன்றாகத் தள்ளி இருக்கிறோம்.

சரி, ஊற்று எப்படிக் கொதிக்கிறது? மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்கு 25 முதல் 30 பாகைவரை சூடு கூடும். கருங்கல்லில் உள்ள யுரேனியமும் தோரியமும் சிதைந்து இன்னும் கொஞ்சம் சூடு சேர்க்கின்றன. சூடேறிய நீர் வேறொரு வெடிப்பு வழியாக மேலே வருகிறது.

மாமியார் சொன்னதையும் முழுக்கத் தள்ள வேண்டாம். தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கல், சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பாக ஏறி, வெளியே வராமல் பூமிக்குள்ளேயே ஆறியது. கிந்தா பள்ளத்தாக்கின் ஈய லம்பங்களில் (சுரங்கங்களில்) வாரிய வெள்ளீயமும் அதோடு வந்ததுதான்.

அப்புறம், எரிமலை இங்கே இல்லாவிட்டாலும் அதன் சாம்பல் வந்திருக்கிறது. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் சுமத்ராவின் தோபா எரிமலை வெடித்தபோது பேராக்கிலும் சாம்பல் விழுந்தது. லெங்கோங் பள்ளத்தாக்கில் அந்தப் படிவம் இன்றும் இருக்கிறது. அடுத்த விடுமுறையில் மகளை அங்குள்ள தொல்லியல் காட்சிக்கூடத்துக்குக் கூட்டிப் போங்கள். மாமியாரும் வரட்டும்.