ஐஸ் பெட்டி பின்னாடி போனா பாடம் வரும்

மண்டபத்துல இறால், நண்டு கம்பெனிகள்ல டிஸ்பாட்ச் பாத்தவன்ங்கறதால படிப்பு, வேலை, ஏற்றுமதி பத்தின கேள்வியெல்லாம் என் பக்கம் தள்ளி விட்டுர்றாங்க. இந்த தடவ வந்த அஞ்சு கேள்வியும் சப்ளை செயின் படிப்ப, அதாவது சரக்கு கிளம்பற இடத்துல இருந்து கடைசி ஆள் கைக்கு போய் சேர்ற வரைக்கும் பாத்துக்கற வேலைக்கான படிப்ப, சுத்தியே இருக்கு, அதனால சேர்த்தே எழுதிட்டேன்.

கேள்வி: சார், எங்க காலேஜ்ல சப்ளை செயின் மேனேஜ்மென்ட்ல ஒரு டிகிரி ஆரம்பிக்கலாம்னு நிர்வாகம் சொல்றாங்க, பொறுப்ப என்கிட்ட குடுத்துட்டாங்க. சென்னை காலேஜ் ஒண்ணோட சிலபஸ் கைல இருக்கு, கன்டெய்னர், ஏர் கார்கோ, பெரிய வேர்ஹவுஸ்னு போகுது. அதையே எடுத்துக்கலாமா? எங்க இருந்து ஆரம்பிக்கறது?
(வணிகவியல் பேராசிரியை, ராமநாதபுரம்)

மேடம், அந்த சிலபஸ பக்கத்துல வச்சுக்கங்க, ஆனா அப்படியே ஜெராக்ஸ் போட்டுராதீங்க. சென்னைல படிக்கற புள்ளைக்கு ஹார்பர் பஸ் தூரத்துல இருக்கு, கன்டெய்னர தினமும் பாக்குது. நம்ம புள்ளைக்கு தினமும் கண்ணுல படறது பாம்பன் கரையில ஏலம் போற கூடையும், மண்டபம் ரோட்டுல தண்ணி சொட்டிக்கிட்டே போற வேனும்தான், அதுல இல்லாத சப்ளை செயின் எந்த புத்தகத்துலயும் இல்ல. அந்த பேரே 1982-ல கீத் ஆலிவர்னு ஒரு கன்சல்டன்ட் சொல்லித்தான் வெளிய தெரிஞ்சுச்சு, ஆனா பிடிச்ச மீன கெடாம அடுத்த ஊருக்கு சேர்க்கற வேலைய நம்ம கரையில அதுக்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்னாடியே பண்ணிட்டு இருந்தாங்க.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணு. முதல் செமஸ்டர்ல எந்த தியரிக்கும் முன்னாடி ஒவ்வொரு புள்ளையும் ஒரே ஒரு பெட்டிய பின்தொடரணும். கைல ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு, ஒரு பேனா, அவ்வளவுதான். விடியக்காலம் வல்லம் கரைக்கு வந்ததுல இருந்து மீன் எவ்வளவு நேரம் ஐஸ் இல்லாம மணல்ல கிடந்துச்சு, ஏலத்துல எத்தன கை மாறுச்சு, யார் எடை போட்டா, யார் கணக்கு எழுதுனா, கம்பெனி வேன் எத்தன மணிக்கு வந்துச்சு, வந்தும் எதுக்கு முக்கால் மணி நேரம் நின்னுச்சு, உள்ள போறப்ப மீனோட நடுச்சதைல எத்தன டிகிரின்னு எல்லாத்தையும் எழுதிட்டு வந்து போர்டுல கோடு போட்டு காட்டட்டும். லீட் டைம் (சரக்கு வந்து சேர ஆகற நேரம்), இன்வென்டரி (கையிருப்பு), தரம், செலவு எல்லாம் அந்த ஒரே கோட்டுல வந்துரும், நீங்க அதுக்கு பேர் மட்டும் சொல்லிக்குடுத்தா போதும்.

ஐஸையே எடுத்துக்கங்க. 30 டிகிரில இருக்கற 1 கிலோ மீன 0 டிகிரிக்கு கொண்டு வர ஏறக்குறைய 300 கிராம் ஐஸ் போதும், கணக்கு அப்படித்தான் வரும். ஆனா நம்ம ஊர் வெயிலுக்கு 1 கிலோ மீனுக்கு 1 கிலோ ஐஸ் போடணும்னு சொல்றாங்க, மிச்சம் எங்க போகுதுன்னு கேளுங்க. பெட்டிக்குள்ள வர்ற சூடு, மூடிய திறந்து திறந்து பாக்கறது, ரோட்டுல நிக்கறது, இதுக்கெல்லாம் சேர்த்துத்தான் அந்த 700 கிராம் கரையுது. தாமதத்துக்கு நம்ம கட்டற அபராதம் அது. இத கரையில நின்னு பாத்த புள்ளைக்கு தாமதம்னா செலவுன்னு தனியா பாடம் எடுக்க வேண்டியதில்ல.

அடுத்தது, பாடப்புத்தகத்துல எப்பவும் டிமாண்ட்தான் ஆடும், ஃபேக்டரி கேட்டத செஞ்சு குடுக்கும். நம்ம பக்கம் ஃபேக்டரியே கடல்தான், அதுகிட்ட ஆர்டர் போட முடியாது. பாக் நீரிணை பக்கம் விசைப்படகு திங்கள், புதன், சனி போகும், மத்த நாள் நாட்டுப்படகுக்கு. அப்ப மறுநாள் காலைல சரக்கு மொத்தமா வந்து இறங்கும், அன்னைக்கு ஐஸ் கிடைக்காது, வேன் கிடைக்காது, கம்பெனில ஆள் பத்தாது, அதுக்கு அடுத்த நாள் அதே ஆளுங்க வேலையில்லாம உக்காந்திருப்பாங்க. இதுக்கு மேல ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் வேற. சப்ளையே ஆடற ஊர்ல பிளானிங் எப்படி பண்றதுன்னு ஒரு முழு பேப்பர் வைங்க மேடம், அந்த பேப்பர எழுத சரியான இடம் நம்ம மாவட்டம்தான்.

இன்னொண்ணு முன்பணம். படகுக்காரருக்கு ஏஜெண்ட் கடன் குடுத்திருப்பாரு, அதனால பிடிச்சது அவருக்குத்தான் போகணும், விலை அவர் சொல்றதுதான். நம்ம செயின கட்டி வச்சிருக்கற கயிறே அதுதான், ஆனா அதுக்கு எந்த புத்தகத்துலயும் ஒரு அத்தியாயம் நான் பாத்ததில்ல. அத மறைச்சுட்டு ப்ரொக்யூர்மென்ட், அதாவது கொள்முதல், சொல்லிக்குடுத்தா கரையில பொறந்த புள்ள மனசுக்குள்ள வாத்தியார நம்பாது.

அதுக்காக மீன் மட்டும் படிச்சு பாஸ் பண்ணுங்கன்னு சொல்லல. புள்ளைங்க திருப்பூர் போவாங்க, தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம் போவாங்க, துபாய் போவாங்க. ஸ்டாடிஸ்டிக்ஸ், எக்செல், ஃபோர்காஸ்டிங், கான்ட்ராக்ட், கஸ்டம்ஸ் பேப்பர் எல்லாம் முழுசா வேணும். பீர் கேம்னு அமெரிக்காவோட எம்.ஐ.டி.ல உருவாக்கின ஒரு விளையாட்டு இருக்கு, கடைக்காரர், மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஃபேக்டரின்னு நாலு பேர் உக்காந்து ஆர்டர் போடுவாங்க, ஒருத்தர் என்ன நினைக்கறார்னு அடுத்தவருக்கு தெரியாது. கடைல ஒரு தடவ கொஞ்சமா கூடின விற்பனை ஃபேக்டரிக்கு போய் சேர்றப்ப பூதாகாரமா ஆயிரும். அங்க இருந்த ஜே ஃபாரஸ்டர் 1961-லயே ஆர்டர் இப்படி ஏறி இறங்கறத விளக்கி புத்தகம் போட்டாரு, 1997-ல ஹாவ் லீயும் கூட ரெண்டு பேரும் சாட்டையடி விளைவுன்னு அதுக்கான காரணங்கள பிரிச்சு எழுதுனாங்க. நீங்க பீருக்கு பதிலா ஐஸ் பார் வச்சு ஆடுங்க, ஐஸ் ஃபேக்டரி, டீலர், ஏஜெண்ட், படகுன்னு நாலு சீட்டு. ஒரு மத்தியானம் போதும், ஆயுசுக்கும் மறக்காது.

அனுமதி விஷயம் சுருக்கமா சொல்றேன். நீங்க அழகப்பா பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச காலேஜா, சொந்தமா சிலபஸ் போடற அட்டானமஸ் காலேஜான்னு எழுதல. இணைஞ்ச காலேஜ்னா சிலபஸ் பல்கலைக்கழகம் குடுக்கறதுதான், நீங்களா மாத்த முடியாது. பி.பி.ஏ.ன்னா 2024-25-ல இருந்து ஏ.ஐ.சி.டி.இ.ங்கற தொழில்நுட்பக் கல்வி கவுன்சிலோட அனுமதியும் பாக்கணும். அதனால முதல்ல ஆறு மாச சர்டிஃபிகேட் கோர்ஸா நடத்தி பாருங்க, ரெண்டு பேட்ச் போனா எது பலிக்குதுன்னு தெரிஞ்சுரும், அத வச்சு டிகிரிக்கு கேளுங்க. சொல்லிக்குடுக்க ஆள் இல்லன்னு பயப்படாதீங்க. யு.ஜி.சி. 2022-ல புரொஃபசர் ஆஃப் ப்ராக்டிஸ்னு ஒரு வழி திறந்து விட்டிருக்கு, துறையில 15 வருஷம் வேலை பாத்தவங்கள பி.ஹெச்.டி. இல்லாமலே வகுப்பெடுக்க கூப்பிடலாம், மொத்த பணியிடத்துல 10 சதவீதம் வரைக்கும். ரிட்டையர் ஆன டாக்குமென்டேஷன் ஆள் தூத்துக்குடில எத்தனையோ பேர் இருக்காங்க, மரியாதையா கூப்பிட்டா வருவாங்க.

கேள்வி: அண்ணே, எம்மக பிளஸ் டூ காமர்ஸ் முடிச்சிருக்கு. இந்த படிப்பு படிச்சா வேலை கிடைக்குமா? அவுக அப்பா கடலுக்கு போறவக, எங்களுக்கு கேக்க வேற ஆள் இல்ல.
(ஒரு தாய், தங்கச்சிமடம்)

கிடைக்கும்மா. பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், டிஸ்பாட்ச், ஏற்றுமதி பேப்பர் வேலை, தரம் பாக்கற வேலைன்னு எல்லா கம்பெனிலயும் இதுக்கு சீட்டு இருக்கு. ஆனா முதல் வருஷம் சம்பளம் கம்மியாத்தான் இருக்கும், நைட் ஷிப்டும் வரும், பொய் சொல்லி உங்கள அனுப்ப மாட்டேன். ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி காலேஜ்ல போய் நேரா கேளுங்க, போன வருஷம் இன்டர்ன்ஷிப்புக்கு எந்தெந்த கம்பெனிக்கு அனுப்புனீங்க, அங்க புள்ள என்ன வேலை செஞ்சுச்சு, நான் அந்த புள்ளகிட்ட பேசலாமா. மூணாவது கேள்விக்கு சரின்னு சொல்ற காலேஜா பாத்து சேருங்க. சர்டிஃபிகேட்ல சீல் மட்டும் வாங்கிட்டு வர்ற இன்டர்ன்ஷிப் நிறைய நடக்குது, அது புள்ளையோட ஒரு வருஷத்த தின்னுரும்.

கேள்வி: நான் முப்பது வருஷமா முண்டு மிளகாய் வத்தல் வாங்கி வளைகுடாவுக்கு அனுப்பறேன். படிச்சுட்டு வர்ற பசங்க எனக்கு புதுசா என்ன சொல்லித்தர முடியும்?
(வியாபாரி, கீழக்கரை)

காக்கா (கீழக்கரை பக்கம் அண்ணன அப்படித்தான் கூப்பிடுவோம்), வத்தல கைல எடுத்து குலுக்கி, விதை ஆடற சத்தத்த வச்சே காய்ச்சல் பதம் சொல்லுவீங்க, அத எந்த பையனும் உங்களுக்கு சொல்லித்தர முடியாது, அவன்தான் உங்ககிட்ட கத்துக்கணும். ஆனா எந்த சாக்கு எந்த விவசாயி காட்டுல இருந்து வந்துச்சுன்னு உங்ககிட்ட எழுத்துல இருக்கா? ஒரு சாக்குல பூஞ்சை விஷம் இருந்து வாங்கறவன் டெஸ்ட்ல சிக்குனா, எது கெட்டதுன்னு பிரிச்சு காட்ட முடியலைன்னா மொத்த லாட்டும் போயிரும். ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சாச்சு, அந்த பேருக்கு விலை வேணும்னா எங்க விளைஞ்சதுன்னு காட்டற பேப்பர் வேணும். மீனுக்கு இது எப்பவோ வந்துருச்சு, ஐரோப்பாவுக்கு போற கடல் மீனுக்கு 2010-ல இருந்து எந்த படகு பிடிச்சதுன்னு கேட்ச் சர்டிஃபிகேட் இல்லாம உள்ள விட மாட்டாங்க.

என் அனுபவம் ஒண்ணு சொல்றேன். நான் வேலை பாத்த ஒரு கம்பெனில இறால் லோடு ஒண்ணு ஏத்தி விட்டோம், ஏத்தறப்ப டெம்பரேச்சர் சரியா இருந்துச்சு, நானே பாத்து கையெழுத்து போட்டேன். போய் இறங்குனா பாதி பெட்டில ஐஸ் உருகி திரும்ப உறைஞ்சு கட்டி கட்டியா இருக்கு. ராத்திரி எங்கயோ கூலிங் நின்னுருக்கு, எங்க நின்னுச்சு, எத்தன மணி நேரம், யார் பொறுப்பு, ஒண்ணுக்கும் எங்ககிட்ட பதில் இல்ல. டெம்பரேச்சர பதிவு பண்ற சின்ன டேட்டா லாகர் ஒண்ணு லோடுக்கு நடுவுல வச்சிருந்தா போதும், அது எனக்கு தெரியல, சொல்லிக்குடுக்கவும் ஆள் இல்ல. அந்த நஷ்டத்துல அடுத்த மாசம் பேக்கிங்ல இருந்த பொம்பளைங்கள பாதி பேர நிறுத்திட்டாங்க. அந்த ஒரு சின்ன மெஷின் தெரிஞ்ச பையன் உங்க குடோனுக்கு வந்தா சேர்த்துக்கங்க காக்கா.

கேள்வி: அண்ணா எனக்கு மேத்ஸ் சுத்தமா வராது, இந்த கோர்ஸ் எடுக்கலாமா?
(கல்லூரி மாணவர், சாயல்குடி)

எடு தம்பி. வேண்டியது பெருக்கல், வகுத்தல், ஸ்கொயர் ரூட், கொஞ்சம் பொறுமை. ஒரு உதாரணம் போட்டு காட்டறேன். ஒரு கம்பெனிக்கு வருஷத்துக்கு 7200 தெர்மாகோல் பெட்டி வேணும்னு வை. ஒரு தடவ ஆர்டர் போட்டு வண்டில கொண்டு வர 400 ரூபா. ஒரு பெட்டிய வருஷம் பூரா குடோன்ல வச்சிருந்தா 4 ரூபா. ஒரு தடவைக்கு எத்தன வாங்கலாம்? 2-ஐ 7200 ஆலயும் 400 ஆலயும் பெருக்கி 4 ஆல வகுத்தா 14,40,000, அதோட ஸ்கொயர் ரூட் 1200. அப்ப வருஷத்துக்கு 6 ஆர்டர், வண்டி செலவு 2400, சராசரியா 600 பெட்டி குடோன்ல இருக்கும், அதுக்கு 2400, மொத்தம் 4800 ரூபா. ஒரே அடியா 3600 பெட்டின்னு ரெண்டு தடவ வாங்குனா 8000 ஆயிரும். இந்த ஃபார்முலாவ ஃபோர்ட் ஹாரிஸ் 1913-ல எழுதுனாரு.

இப்ப உனக்கு ஒரு கேள்வி. இந்த கணக்கு தினமும் ஒரே அளவு பெட்டி செலவாகும்னு நம்பிக்கிட்டு போடறது. தடைக்காலத்துல 61 நாள் படகே போகலைன்னா ஏப்ரல் மாசம் எத்தன பெட்டி வாங்குவ? இத யோசிக்க ஆரம்பிச்சுட்டேன்னா நீ இந்த படிப்புக்கு சரியான ஆளு, மேத்ஸ் மார்க்க பத்தி கவலைப்படாத.

கேள்வி: அண்ணே, எங்க அம்மா நண்டு கம்பெனில சதை உரிக்கறாக. நான் இந்த கோர்ஸ்ல சேந்துருக்கேன். புராஜெக்ட்டுக்கு பெரிய கம்பெனி ஏதாவது எடுக்கணும்னு ஃபிரண்ட்ஸ் சொல்றாங்க, எனக்கு எங்க அம்மா வேலைய எழுதணும்னு ஆசை. எழுதலாமா, மார்க் போடுவாங்களா?
(மாணவி, மண்டபம்)

எழுதும்மா, கண்டிப்பா எழுது. அமெரிக்கால டின்ன திறக்கறவங்களுக்கு போய் சேர்ற முழு முழு வெள்ளை சதை உங்க அம்மா விரல்லதான் முழுசா நிக்குது. அங்க ஒடைஞ்சா கிரேடு இறங்கிரும், கிரேடு இறங்குனா விலை இறங்கிரும், அந்த இடத்துக்கு இன்னும் மெஷின் ஈடாகல. பெரிய கம்பெனி எடுத்தா வெப்சைட்ல இருந்து எடுத்து எழுதுவ, இது உன் வீட்டுலயே இருக்கு.

இன்னைக்கு ராத்திரி அம்மா சாப்ட்டு உக்காந்தப்புறம் கேளு. வேகவச்ச நண்டு ஒரு கிலோல எவ்வளவு சதை தேறும், எந்த மாசம் அதிகம் தேறும், சின்ன நண்டு வந்தா கை எவ்வளவு மெதுவாகுது, சரக்கு லேட்டா வந்த அன்னைக்கு எத்தன மணி வரைக்கும் உக்கார வச்சாங்க, அந்த நேரத்துக்கு கூலி உண்டா. கம்பெனில யார்கிட்டயும் பேர் சொல்ல வேண்டாம், எங்கன்னும் எழுத வேண்டாம், அம்மா வேலைக்கு ஒண்ணும் ஆகக்கூடாது. முப்பது நாளைக்கு ஒரு நோட்டுல தேதி போட்டு, சரக்கு வந்த நேரம், உரிச்ச கிலோ, வீட்டுக்கு வந்த நேரம் மட்டும் எழுதிட்டு வா. கடல் எந்த கிழமை ஆடுதோ அந்த கிழமை அம்மா வீட்டுக்கு வர்ற நேரமும் ஆடுறது அந்த நோட்டுலயே தெரியும். எழுதி முடிச்சதும் ஒரு காப்பி எனக்கு அனுப்பும்மா, ராமநாதபுரம் பேராசிரியை மேடத்துக்கு நானே கொண்டு போய் குடுக்கறேன்.