மர்மமா, வர்மமா?

கேள்வி: எண்ணூர் கடற்கரையில் ஒரு விடியற்காலை, கடலுக்கு மேலே மர்ம ஒளிகள் ஆடி அசைந்ததைச் செல்போனில் வீடியோ எடுத்தேன். ராணுவத்துக்கு அனுப்பினால் விசாரிப்பார்களா? (ஒரு வாசகர், திருவொற்றியூர்)

பதில்: முதலில் அந்த 'மர்ம'வை எடுத்துவிடுங்கள். ரத்தத்தைச் சோதித்தால் டெங்கு என்றோ எலிக்காய்ச்சல் என்றோ பெயர் தெரிந்துவிடும் நோயை 'மர்மக் காய்ச்சல்' என்று அச்சிடும் நாளிதழ்களோடு இந்தப் பக்கத்துக்குத் தீராத சண்டை. சோதிக்க வேண்டியவரைச் சும்மா உட்கார வைத்துவிடுகிற சொல் அது.

அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. உடம்பில் அடிபட்டால் உயிருக்கே ஆபத்தான இடம் மர்மம். நம் ஆசான்கள் வாயில் அது வர்மம். வானத்து ஒளிக்கும் அப்படி மூன்று இடங்கள்: நேரம், திசை, உயரம். உங்கள் கடிதத்தில் 'கடலுக்கு மேலே' மட்டும்தான் இருக்கிறது.

2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை லடாக் எல்லையில் நம் படையினர் 329 முறை ஒளிகளைப் பார்த்துக் குறித்துவைத்தார்கள். சீன உளவு விமானமோ என்று சந்தேகம். பெங்களூரு இந்திய வானியற்பியல் நிறுவனத்தார், அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி, எந்தத் திசை என்று அளந்து தரச் சொன்னார்கள். விடை கிடைத்தது: வெள்ளியும் வியாழனும். அந்த வீரர்களை யாரும் கேலி செய்யக் கூடாது. எழுதி வைத்ததால்தான் விடை வந்தது.

வானத்து மர்மப் பொருள்களை விசாரித்துவந்த அமெரிக்க விமானப்படை 1969-இல் அந்தக் கடையைக் கட்டியபோது அதன் கையில் 12,618 புகார்கள். 701 மட்டும் விளங்கவில்லை. கையை நீட்டிப் பிடித்தால் ஒளி குண்டூசித் தலை அளவா, பட்டாணி அளவா, நாணய அளவா என்று படிவம் கொடுத்துக் கேட்டார்கள். அருமையான கேள்வி!

நீங்களும் அளக்கலாம். நீட்டிய கையில் மூடிய முஷ்டி 10 டிகிரி, சுண்டுவிரல் 1 டிகிரி. ஒளியை ஒரு மின்கம்பத்தின் விளிம்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். இருட்டில் ஒற்றை ஒளியை வெறித்தால் நிற்பதும் நகர்வதாகத் தோன்றும். 10 நிமிடத்தில் இரண்டரை சுண்டுவிரல் அகலம் ஏறியிருந்தால் கிரகம் அல்லது நட்சத்திரம். நாலைந்து நிமிடத்தில் வானத்தைக் கடந்தால் செயற்கைக்கோள். மேகம் ஆரஞ்சாகத் துடித்தால் மணலி ஆலையின் தீக்கொழுந்து.

வீடியோவில் தெருவிளக்கு இருக்கிறதா? படத்தின் நடுப்புள்ளிக்கு நேர் எதிரே, அதே தூரத்தில் போலி ஒளி விழும்; கை ஆடினால் அதுவும் ஆடும். போனைச் சுவரில் சாய்த்து எடுங்கள். ஜூம் வேண்டாம், புள்ளி வட்டமாகப் பூத்துவிடும்.

ராணுவமா? 2023 நவம்பர் 19 அன்று இம்பால் விமான நிலையத்துக்கு மேலே ஏதோ தெரிந்ததும் ரஃபேல் பறந்தது; எதுவும் அகப்படவில்லை. உங்கள் ஒளி ட்ரோன் போல ரீங்காரத்தோடு தாழப் பறந்து காட்டுப்பள்ளித் துறைமுகத்துப் பக்கம் போனால், அந்த நொடியே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093-ஐ அழையுங்கள். கடிதம் அப்புறம்.