ஊதாதீங்க, இரவல் கொடுங்க

போன இதழில் "பழைய டிவி கேம் இன்னும் யார் வீட்டில் ஓடுகிறது?" என்று ஒரு வரி கேட்டு வைத்தேன், தொண்டியில் ஆரம்பித்து சாயல்குடி வரைக்கும் கடிதம் வந்து குவிந்துவிட்டது. மற்ற கேள்விகள் அடுத்த மாதம். இந்த முறை முழுக்க கேம்தான்.

பாம்பன் வாசகர்: 90களில் வாங்கிய டிவி கேம் இன்னும் என்னிடம் இருக்கிறது. கேசட்டைக் கழற்றி, ஊதி, மறுபடி மாட்டினால்தான் படம் வருகிறது. ஊதுவதில் என்ன சார் மந்திரம்?

மந்திரம் ஊதுவதில் இல்லை, கழற்றி மாட்டுவதில் இருக்கிறது. கேசட்டின் அடியில் வரிசையாகத் தெரிகிற உலோகப் பட்டைகள் பெட்டிக்குள் இருக்கும் பின்களோடு உரசும்போது மேலே படிந்த அழுக்கு கொஞ்சம் விலகி, கரண்ட் போக வழி கிடைத்துவிடுகிறது. அதற்கு முந்தின நொடி நாம் ஊதியிருப்பதால் பெருமை வாய்க்குப் போய்ச் சேர்ந்தது. ஊதும்போது உண்மையில் எச்சில் ஈரம்தான் உள்ளே போகிறது, இந்த வகை கேம் பெட்டி செய்த ஜப்பான் கம்பெனி நின்டெண்டோவே அப்போதிலிருந்து ஊதாதீர்கள் என்றுதான் சொல்லி வந்தது. மதுரைக்காரருக்கு எச்சில் ஈரம் மட்டும்தான் எதிரி, உங்களுக்கு உப்புக்காற்றும் சேர்ந்துகொள்கிறது. வீட்டு ஜன்னல் கம்பி என்ன கதியில் இருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள், அதே கதைதான் கேசட்டுக்குள்ளும், பச்சையாகக் களிம்பு பிடித்திருக்கும். மருந்துக்கடையில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, காது குடையும் பஞ்சுக்குச்சியில் தொட்டு, பட்டைகளை மெதுவாகத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள். விளையாடாத நாளில் மூடி இறுகின டப்பாவில் போட்டு வையுங்கள், மிட்டாய் டப்பா போதும்.

உச்சிப்புளி வாசகர்: வாத்து சுடும் துப்பாக்கி புது எல்.இ.டி டிவியில் வேலை செய்யவில்லையே?

செய்யாது. விசையை அழுத்தியதும் திரை ஒரு நொடிக்கும் குறைவாகக் கறுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் வரும், அந்த வெளிச்சம் துப்பாக்கிக்குள் இருக்கும் கண்ணுக்குப் பட்டால் வாத்து விழும். இந்த நேரக்கணக்கு எல்லாம் பழைய குண்டு டிவிக்காகப் போட்டது, புது டிவி படத்தைக் கொஞ்சம் தாமதித்துத்தான் காட்டும். துப்பாக்கியைத் திட்டாதீர்கள்.

கீழக்கரை வாசகி: மகனுக்கு கேம் பெட்டி வேண்டுமாம். அவன் வாப்பா துபாயிலிருந்து அடுத்த மாதம் வருகிறார். நின்டெண்டோவின் ஸ்விட்ச் 2 வாங்கச் சொல்லவா, சோனியின் பி.எஸ்.5 (பிளேஸ்டேஷன் 5) வாங்கச் சொல்லவா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ராத்தா, கரண்ட் விஷயத்தில் கவலை இல்லை, அங்கேயும் நம்மைப் போல 230 வோல்ட்தான், சதுரமான பின் மட்டும்தான் மாறும், அதற்கு ஒரு அடாப்டர் போதும். பெரிய வித்தியாசம் வேறு இடத்தில். நின்டெண்டோ இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை, அதனால் ஸ்விட்ச் ரிப்பேர் ஆனால் கம்பெனி சர்வீஸ் என்று இங்கே கொண்டுபோக இடமில்லை, கைவேலை தெரிந்த கடைக்காரர்தான் கதி. பி.எஸ்.5 இங்கேயே முறையாக விற்கிறது, ஆனால் துபாயில் வாங்கியதற்கு இங்கே வாரண்டி உண்டா என்று பில் போடும் முன்பே வாப்பா கேட்டுக்கொள்ளட்டும்.

இரண்டில் எது என்று கேட்டால் நான் ஸ்விட்ச் பக்கம். பி.எஸ்.5 படம் அருமையாக இருக்கும், மறுக்கவில்லை, ஆனால் அது டிவியோடு கட்டிப்போட்ட மாடு. சீரியல் நேரத்தில் உங்கள் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா? பெரிய கேம் ஓடும்போது அது 200 வாட் வரை இழுக்கும், கரண்ட் போனால் பாதியில் அணைந்துவிடும், திரும்ப வந்ததும் சரிபார்க்கிறேன் என்று நேரம் எடுக்கும். ஸ்விட்ச் கரண்ட் போனாலும் கையில் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும்.

அப்புறம் ஒன்று, இதைத்தான் யாரும் சொல்வதில்லை. எதை வாங்கினாலும் கேமை டப்பாவில் வாங்குங்கள், டவுன்லோடாக வாங்காதீர்கள். பி.எஸ்.5இல் டிஸ்க் போடும் வாய் உள்ளதும் இல்லாததும் என இரண்டு வகை, வாய் உள்ளதைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். ஸ்விட்ச் 2இல் சூது இன்னும் நைசாக இருக்கிறது: 'கேம் கீ கார்டு' என்று சில டப்பாக்கள், உள்ளே கார்டு இருக்கும், கார்டுக்குள் கேம் இருக்காது, சாவி மட்டும்தான், கேமை நெட்டில் இறக்க வேண்டும். டப்பாவின் மேலேயே எழுதியிருக்கும், படித்துப் பார்த்து வாங்க வேண்டும். டப்பாவில் இருக்கிற கேமை உங்கள் மகன் பக்கத்துத் தெரு பையனிடம் கொடுத்து வேறொன்று மாற்றிக்கொள்ளலாம், இரண்டு டப்பா வாங்கி இருபது கேம் விளையாடலாம். டவுன்லோடு செய்தது அவன் கணக்கோடு ஒட்டிக்கொண்டது, இரவல் என்பது தானாக நடக்காது, நடந்தாலும் கம்பெனி சொல்கிற சட்டப்படிதான். குழந்தைகள் விழுங்கிவிடக் கூடாது என்று ஸ்விட்ச் கார்டில் கசப்பு தடவியிருப்பார்கள். நான் நக்கிப் பார்த்தேன். வேப்பங்காய் தேவலை.

ராமநாதபுரம் கல்லூரி மாணவர்: போன் இருக்கும்போது கையடக்க கேம் எதற்கு ப்ரோ? அதுவும் போன் படம் இன்னும் ஜோர்.

படம் ஜோராக இருப்பது ஜெயிக்கும் என்றால் கேம் கியர் ஜெயித்திருக்க வேண்டும் தம்பி. 1989இல் நின்டெண்டோவின் கேம் பாய் வந்தது, பச்சை பச்சையாக நாலே சாயல், பின்வெளிச்சம் கூடக் கிடையாது. அடுத்த வருடமே போட்டிக் கம்பெனி சேகா கலரில், வெளிச்சத்தோடு கேம் கியரை இறக்கியது. ஆனால் அது ஆறு பென்சில் பேட்டரியைச் சில மணி நேரத்தில் குடித்துத் தீர்த்துவிடும், கேம் பாய் நாலு பேட்டரியில் நாள்கணக்கில் ஓடும். கேம் பாய், கலர் வந்த அடுத்த மாடலையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது, கேம் கியர் ஒரு கோடி சொச்சத்தோடு நின்றது. போனிலும் விளையாடலாம், யார் வேண்டாம் என்றது? ஆனால் கண்ணாடியைத் தடவுவதும் பட்டனை அழுத்துவதும் ஒன்றில்லை, நடுவில் மாமா போன் செய்வார், முப்பது நொடிக்கு ஒரு விளம்பரம் வேறு.

தங்கச்சிமடம் வாசகர்: விசைப்படகு வைத்திருக்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் பையனோடு உட்கார்ந்து விளையாடுகிறேன். சண்டை, கார் எல்லாம் சலித்துவிட்டது. கடல் வருகிற கேம் ஏதாவது நல்லதாக உண்டா அண்ணே?

இப்படி ஒரு கேள்விக்குத்தான் காத்திருந்தேன். கடல் வருகிற கேம்கள் நிறைய, பெரும்பாலானவற்றில் தூண்டில் போட்டு ஒரு பட்டனைத் தட்டினால் மீன் வந்துவிடும், உங்களுக்குச் சிரிப்பு வரும். மூன்று மட்டும் சொல்கிறேன்.

முதலில் 2023இல் வந்த 'டிரெட்ஜ்'. தனி ஆளாகச் சின்னப் படகில் போய் மீன் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு மீனும் ஒரு வடிவம், படகின் கட்டங்களுக்குள் திருப்பித் திருப்பி அடுக்கினால்தான் இடம் கொள்ளும். நாள் தள்ளினால் மீன் அழுகும், விலை விழும். இருட்டினால் பனிமூட்டம் வந்து ஆளுக்குப் புத்தி தடுமாறும், இல்லாத பாறை கண்ணுக்குத் தெரியும். நான் விளையாடிக் காட்டியபோது எங்கள் சித்தப்பா, ஆயுசு முழுக்க நாட்டுப்படகுக்காரர், கேட்ட ஒரே கேள்வி: "ஐஸ் எங்கடா?"

அடுத்தது 'டேவ் தி டைவர்', பகலில் முங்கி மீன் பிடிப்பது, ராத்திரி அதே மீனை வைத்து ஓட்டல் நடத்துவது. மூச்சு தீர்ந்தால் பிடித்ததில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். சங்கு குளிக்கப் போனவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களிடம் கொடுத்துப் பாருங்கள், எதை விட்டு எதை எடுப்பது என்பதில் ஒரு சண்டை நிச்சயம்.

மூன்றாவது பழசு, செல்டா என்ற கேம் வரிசையில் 2002இல் வந்த 'விண்ட் வேக்கர்'. பாய்மரப் படகில் தீவு தீவாகப் போவது, கையில் ஒரு கோல், அதை ஆட்டினால் காற்று நாம் சொன்ன திசைக்குத் திரும்பும். கச்சான் காற்று அடிக்கும்போது கரையில் உட்கார்ந்து அதை விளையாடியிருக்கிறேன், கொஞ்சம் பொறாமையாகத்தான் இருந்தது. ஸ்விட்ச் 2 இருந்தால் சந்தா கட்டி விளையாடலாம், சந்தா நின்றால் கேமும் நின்றுவிடும், அதில் எனக்கு வருத்தம்தான். ஒரு விஷயம், இந்த மூன்று கேமுமே ஒரே ஆள் விளையாடுவது. நீங்கள் ஓட்டுங்கள், பையன் வரைபடம் பார்க்கட்டும்.

மண்டபம் வாசகர்: வீட்டைக் காலி செய்தபோது பரணில் 14 பழைய கேசட் கிடைத்தது, சிலது என்னுடையதே இல்லை. பெட்டி செத்துவிட்டது. யாருக்காவது வேண்டுமானால் தருகிறேன்.

அதில் கான்ட்ரா கேம் கேசட் இருக்கிறதா? ஏழாம் வகுப்பில் மண்டபத்திலிருந்து ரயிலில் வரும் ஒரு பையன் "ரெண்டு நாளில் தருகிறேன்" என்று வாங்கிப்போனான். மேல் மேல் கீழ் கீழ், இடம் வலம் இடம் வலம், பி, ஏ என்று அழுத்தினால் மூன்று உயிர் முப்பது உயிராகும் என்பதையும் நானே சொல்லிக் கொடுத்தேன். பின்பக்கம் காம்பஸால் கீறின ஒரு மீன் இருக்கும், வால் கோணலாக. பார்த்துவிட்டு எழுதுங்கள், நான் கோபப்பட மாட்டேன்.