காரைக்குடி பக்கத்து தாத்தா வீடு, வண்ணாரப்பேட்டையில ஏறுற வட்டி

கேள்வி: எம்.சி. ரோட்டுல ரெடிமேட் கடை வச்சிருக்கேன், வயசு 46, எல்லாம் போக மாசம் 85,000 நிக்கும். காரைக்குடி பக்கத்துல தாத்தா வீடு இருக்கு, பர்மா தேக்கு தூண், ஆத்தங்குடி கல்லுன்னு பெரிய வீடு. பெரியப்பா பையன் அதை டூரிஸ்ட் வந்து தங்குற ஹெரிடேஜ் ஸ்டேயா மாத்திட்டிருக்கார். அதுக்காக வீட்ல இருந்த 45 பவுனையும் அடகு வச்சு இப்ப 14 லட்சம் நிக்குது. இன்னும் 25 லட்சம் போட்டா வேலை முடிஞ்சிடும், ஒரு கம்பெனி மாசம் 1 லட்சம் கேரண்டியா தரும்னு அண்ணன் சொல்றார். பழைய வண்ணாரப்பேட்டை வீட்டு பத்திரத்தை வச்சு லோன் போடலாமா, இல்ல பர்சனல் லோனா? நைட்டு தூக்கம் வரல.

பதில்: ரெண்டும் வேணாம் சார்.

எந்த லோன்ல வட்டி கம்மின்னு கடை நடத்துற உங்களுக்கு நான் சொல்லித்தரணும்னு இல்ல. எனக்கு உறுத்துறது நகையை மாத்தி மாத்தி வைக்கிற பழக்கம்தான். மூணு வருஷம் முன்னாடி 8 லட்சம் வாங்கினீங்க, போன வருஷம் அண்ணன் பாத்ரூம் கட்டணும்னு கேட்டார்னு இன்னொரு 2.5 லட்சம், ஆக கைக்கு வந்தது பத்தரை லட்சம்தான், ஆனா ஒவ்வொரு டியூவுக்கும் கையிலருந்து பைசா கட்டாம, தங்கம் ஏறியிருக்குன்னு அதே நகைக்கு கூட போட்டு வாங்கி பழைய வட்டியை அதுலயே அடைச்சிருக்கீங்க, 12 சதவீதம்னு வச்சாலே மூணரை லட்சம் வட்டி அசலாகி உக்காந்திருக்கு. உங்க கடையில ஒரு பார்ட்டி இப்படி பாக்கி ஏத்திட்டே போனா மறுபடி சரக்கு போடுவீங்களா? தங்கம் ஏறுற வரைக்கும் இது வலிக்காது. இறங்குற வருஷம் டாப்-அப் கிடையாது, கையில இருந்து கட்டு இல்லன்னா ஏலம்னு நோட்டீஸ் வரும்.

அந்தப் பணம் யார் வீட்டுக்கு போச்சுன்னு பாருங்க. தாத்தாவுக்கு மூணு பையன் ரெண்டு பொண்ணு, உயில் இல்ல, பாகப்பிரிவினையும் ஆகலன்னு எழுதியிருக்கீங்க. ரஃபா போட்டா அஞ்சுல ஒண்ணு உங்க அப்பா பங்கு, அவர் இல்லாததால அது அம்மா, நீங்க, தங்கச்சின்னு மூணா பிரியும், ஆக உங்களுது பதினஞ்சுல ஒண்ணு. பூர்வீகமா சுய சம்பாத்தியமான்னு பாத்து வக்கீல் கொஞ்சம் முன்னப்பின்ன மாத்துவார், அவ்ளோதான். "அத்தைங்களுக்கு கல்யாணத்துலயே செஞ்சாச்சு, பங்கு கிடையாது"ன்னு அண்ணன் சொல்றாராம். அவர் சொன்னா ஆச்சா? அப்பாவோட சுய சம்பாத்தியத்துல 1956 சட்டத்துலயே பொண்ணுக்கும் சம பங்கு, பூர்வீக சொத்துக்கு 2005 திருத்தம் இருக்கு, 2020ல சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி பண்ணிடுச்சு. நீங்க எவ்ளோ கொட்டினாலும் பங்கு ஏறாது. அந்த வீட்டை வச்சு எந்த பேங்க்கும் லோன் தரல இல்ல, அதனாலதான் உங்க ஒருத்தர் பேர்ல சுத்தமா இருக்குற வண்ணாரப்பேட்டை வீட்டுல கை வைக்கச் சொல்றாங்க.

சரி, வேலை முடிஞ்சிடுச்சுன்னே வைப்போம். ஆறு ரூம். செட்டிநாட்டுக்கு ஆள் வர்றது டிசம்பர், ஜனவரி, அப்புறம் லீவு விட்ட சனி ஞாயிறு, மே மாச வெயில்ல யார் போவாங்க? ஆறு ரூமும் சேத்து வருஷம் பூரா சராசரியா மாசத்துக்கு 30 நாள் வாடகை போகும், ஒரு ரூம் ஒரு நாளைக்கு 3,500னு வைங்க, 1,05,000. புக்கிங் சைட் கமிஷன், சமையல் ஆள், வாட்ச்மேன், சலவை, கரண்ட் எல்லாம் போக 30,000 நின்னாலே பெரிய விஷயம், ஓடு மாத்துற செலவு தனி. அந்த 30,000ல உங்க பங்கு 2,000 ரூபா! 25 லட்சத்துக்கு பத்தரை சதவீதத்துல 15 வருஷம்னா ஈஎம்ஐ 27,600 கிட்ட வரும், நகை வட்டி மாசம் 14,000, ரெண்டும் சேத்து 41,600. உங்க வருமானத்துல பாதி சார்.

கம்பெனி கேரண்டி அப்படியே வந்தாலும் உங்க கைக்கு 6,700 கூட வராது. அந்த கம்பெனி வீட்டை ஒரு வருஷத்துக்கு மேல லீஸுக்கு எடுக்கணும்னா பதிவு பண்ணியாகணும், அத்தைங்க உட்பட எல்லாரும் கையெழுத்து போடணும், அதைப் பத்தி ஒரு வார்த்தை பேசாம பிராண்டிங் ஃபீ 4 லட்சம் முதல்ல வைன்னு கேக்குறவன் எப்படி சம்பாதிக்கிறான்னு புரியுதா? ஹெரிடேஜ் ஸ்டே, மேனேஜ்டு ஃபார்ம்லேண்ட், ஃப்ராக்ஷனல் ஓனர்ஷிப்னு வருஷத்துக்கு ஒரு பேர்ல வர்றாங்க, எனக்கு சலிச்சுப் போச்சு.

சுண்ணாம்பு சுவர்மேல சிமெண்ட் பூசிட்டார்னு வேற எழுதியிருக்கீங்க. முட்டை வெள்ளைக்கரு சேத்து இழைச்ச பூச்சு அது, மேல சிமெண்ட் அடைச்சா ஈரம் வெளிய போக வழியில்லாம பொருக்கு பொருக்கா பேத்துக்கிட்டு வரும், அதை சரி பண்ணவும் உங்களுக்குத்தான் போன் வரும்.

வீட்ல பேசிட்டு 12, 13 பவுனை வித்துடுங்க, இன்னிக்கு விலைக்கு கடன்ல பாதிக்கு மேல அடைஞ்சிடும், லாபத்துக்கு கொஞ்சம் வரி வரும், அதை எடுத்து வச்சிடுங்க. மிச்சக் கடனை மாசாமாசம் அசலும் வட்டியும் சேத்துக் கட்டுற மாதிரி பேங்க் நகைக்கடனா மாத்துங்க. அண்ணன்கிட்ட போன்ல பேசாதீங்க, ஊர் மானம் குடும்ப மானம்னு அவர் ஆரம்பிச்சா நீங்க கரைஞ்சிடுவீங்க, அது உங்க லெட்டர்லயே தெரியுது. ஒரு நாள் எக்மோர்ல பல்லவன் ஏறி நேர்ல போங்க, தங்கச்சியையும் கூட்டிட்டு போங்க. இதுவரைக்கும் போட்ட பத்தரை லட்சத்துக்கு எல்லாரும் கையெழுத்து போட்ட ஒரு பேப்பர் கேளுங்க. இல்லன்னா உங்க பங்கை அவரே விலை குடுத்து எடுத்துக்கட்டும். ரெண்டுக்கும் அவர் ஒத்துக்கலன்னா அதுக்கப்புறம் ஒரு ரூபா போகக் கூடாது, கோயில் திருவிழாவுக்குள்ள வெள்ளையடிக்கணும்னு கேட்டாலும் சரி.